ஐந்தாவது குரலுக்கு அலைந்த தலைவர்

ஒதியம்பட்டு பஜனைக்கூடத்தின் தலைவர் குமரவேலுக்கு வயது நாற்பத்தெட்டு. மூலக்குளத்தில் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். தலைவர் பதவிக்குச் சம்பளம் கிடையாது, சலுகைகள் உண்டு. சுண்டலில் உப்பு குறைந்தால் முதல் திட்டு அவருக்குத்தான். ஓடு ஒழுகினால், மழையை அவரே வரவழைத்ததுபோல எல்லோரும் அவரை விசாரிப்பார்கள். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குக் கீழே ‘தலைவர்’ என்று போட்டுக்கொள்ளலாம். ஒன்பது வருடமாக இந்தச் சுகங்களை அனுபவித்து வருகிறார்.

கூடத்துச் சுவரில் பெயிண்டால் எழுதிய விதிகள் மூன்று. சனிக்கிழமை ஆறரை மணிக்குள் ஐந்து குரல் சேர்ந்தால்தான் பாட்டு. தலைவர் தாளம் போடுவார்; அவர் குரல் கணக்கில் சேராது. தொடர்ந்து மூன்று சனிக்கிழமை பாட்டு நின்றால் பெருமாள் படமும் கூடத்துச் சாவியும் பக்கத்து ஊர்க் கோவிலுக்குப் போய்விடும். இரண்டாவது விதி ஏன் வந்தது என்பதற்கு ஊரில் ஒரே விளக்கம்தான்: கூடத்தைக் கட்டியவரின் குரல் அப்படி.

இரண்டு சனிக்கிழமைகள் போய்விட்டன. முதல் வாரம் மழை. அடுத்த வாரம் கிரிக்கெட்.

மூன்றாவது சனிக்கிழமை ஐந்து மணிக்கே குமரவேல் கடை ஷட்டரை இறக்கினார். படம் போவது ஒருபுறம் இருக்கட்டும். ‘குமரவேல் காலத்துலதான்பா போச்சு’ என்று ஊர் இன்னும் ஐம்பது வருடம் சொல்லுமே! நான்கு பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஐந்தாவது ஆளைத் தேடி வண்டியை எடுத்தார்.

பாலாஜி வீட்டில் அவன் மனைவி சுகன்யா வாசலுக்கு வந்தாள்.

“அவரு வூட்ல இல்லண்ணா.”

உள்ளே டி.வி. சத்தத்துக்கு மேலே பாலாஜி தும்மினான்.

“அப்ப தும்முறது யாரும்மா?”

“அவருதான். ஆனா இல்லன்னு சொல்லச் சொன்னாரு.”

அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு குமரவேல் வண்டியைத் திருப்பினார். அடுத்து கலைவேந்தன். அவன் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான்.

“போன வருசம் என் பாட்டுக்கு நீ தாளத்த வேகமா போட்ட. நாலு பேரு சிரிச்சாங்க.”

“அதுக்கு இப்ப இன்னா பண்ணச் சொல்ற?”

“மன்னிப்பு கேளு. மைக்ல கேளு.”

“கேக்குறேன், வா.”

“இன்னிக்கு மாடு இருக்கு. அடுத்த வாரம் கேளு.”

அடுத்த வாரம் மைக் இருக்கும், கூடம் இருக்காது. இன்னும் மூன்று வீடு ஏறி இறங்கினார். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் சென்னையில், ஒருவர் அப்போதுதான் சென்னைக்குக் கிளம்பினார்.

ஆறு பதினைந்துக்குக் கூடத்துக்குத் திரும்பியபோது, வாசலில் பக்கத்து ஊர்க் கோவிலின் வேன் நின்றது. படத்தைச் சுற்றப் பழைய போர்வையும் கயிறும் கொண்டுவந்திருந்தார்கள். “அவசரமே இல்ல, பொறுமையா பாருங்க” என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். உள்ளே நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் தெய்வசிகாமணி, தன்னையும் சேர்த்து இரண்டு முறை எண்ணியும் நான்குதான் என்று உறுதிசெய்தார்.

மைக் செட் சார்லஸ் ஒயரை இழுத்துக்கொண்டிருந்தான். வாராவாரம் அவன் செட்டுதான்.

“இன்னாண்ணா, மூஞ்சி இப்படி இருக்கு?”

“ஒரு குரல் கொறையுதுடா.”

“நீ இருக்கியே?”

“தலைவரு கணக்குல இல்ல.”

“அப்ப தலைவரா இருக்காதயேன்.”

குமரவேல் சுவரைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு இருபத்தைந்து. இடுப்பில் செருகியிருந்த வெண்கலத் தாளத்தை எடுத்து சார்லஸ் கையில் வைத்தார்.

“நீதான்டா தலைவரு. தாளம் போடு.”

“யோவ்! நான் அந்தோணியார் கோவில்காரன்.”

“சார், விதியில இன்னா போட்டிருக்கு?”

தெய்வசிகாமணி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சுவரை மேலிருந்து கீழே படித்தார்.

“தலைவர் தாளம் போடுவார்னுதான் போட்டிருக்கு. எந்தக் கோவில்னு போடல.”

“எங்க ஜெபக் கூட்டத்துக்கும் நான்தாண்ணா தலைவரு” என்றான் சார்லஸ் பரிதாபமாக. “அங்கயும் எவனும் வர்றதில்ல.”

“அப்ப அனுபவம் இருக்கு” என்றார் தெய்வசிகாமணி.

ஆறு இருபத்தொன்பதுக்குப் பாட்டு தொடங்கியது. ஒன்பது வருடம் வாய் திறக்காத குமரவேல் திறந்தார். கூடத்தைக் கட்டியவரைப் பற்றி இனி யாரும் எதுவும் சொல்ல முடியாது. ஆனாலும் அது ஒரு குரல்; கணக்கில் சேர்ந்தது. சார்லஸ் சுத்தமாகத் தாளம் போட்டான். இத்தனை வருடம் ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்ததில் பாட்டெல்லாம் அவனுக்கு மனப்பாடம். மூன்றாவது பாட்டில் வேன் கிளம்பும் சத்தம் கேட்டது.

மங்களம் முடிந்ததும் குமரவேல் கையை நீட்டினார். விரல்கள் அரைமணி நேரமாகத் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தன.

“குடுறா தாளத்த.”

“குடுத்தா அடுத்த வாரம் மறுபடி நாலு பேருதான?”

சார்லஸ் தாளத்தைச் சட்டைப்பைக்குள் போட்டான்.

“சனிக்கிழம அஞ்சரைக்கு ரெடியா இருண்ணா. ஆட்டோவுல வந்து தூக்கிக்கினு போறேன்.”

குமரவேல் தலையாட்டினார். ஜெயித்துவிட்டோமா, வேலை போய்விட்டதா என்று புரியாமல், வெறுங்கையோடு சுண்டல் வரிசையின் கடைசியில் போய் நின்றார்.