பார்க்கலாம், கேட்கக் கூடாது

“ஆர் இங்க றிஸ்வான்?”

எங்கள் பல்கலைக்கழகத்தின் தொழில் வழிகாட்டல் அலகின் வாசலில் நின்று ஒருவர் கேட்டார். கையில் ஹெல்மெட், சட்டையெல்லாம் புழுதி. ஜெயபுரத்திலிருந்து அவ்வளவு தூரமும் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். வழியில் ஓமந்தை தாண்டியும் கோபம் ஆறவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

றிஸ்வான் எங்களிடம் வேலை பழக வந்தவன். உளவளத்துணையில் முதுமாணிப் பட்டத்துக்குப் படிக்கும் பிள்ளைகள் சில மாதம் எங்கள் அலகில் பயிற்சி ஆலோசகராக இருக்க வேண்டும். இறுதியாண்டு மாணவர்களோடு தனித்தனியே இருந்து, படிப்பு முடிந்து என்ன செய்வது என்று அவர்கள் தெளிய உதவ வேண்டும். மேற்பார்வை என்னுடையது. எத்தனையோ பயிற்சியாளர்களைக் கண்டுவிட்டேன், இவனைப் போல ஒருவனைக் காணவில்லை. தகப்பன் முல்லைத்தீவில் துணிக்கடை வைத்திருக்கிறார். மகனுக்கோ பயிற்சிக் கையேடுதான் உலகம். அதில் உள்ளதைத் தலைகீழாக நின்றாவது செய்து முடிப்பான். “ஆலோசனைக்கு வரும் சேவைநாடியை இடைமறிக்கக் கூடாது” என்று இருந்ததால், ஒரு மாணவன் கிரிக்கெட் கதை சொல்லி முடிக்கும்வரை தலையாட்டிக்கொண்டே இருந்தான். எனக்குச் சிரிப்பும் வரும், விசரும் வரும். ஆனால் ஆள் தங்கம்.

“நான்தான் ஐயா,” என்று எழும்பினான்.

“நீதானோ? என்ர பிள்ளையோட கிழமைக்குக் கிழமை கதவைச் சாத்திப்போட்டு என்ன கதை? ஊரெல்லாம் கதை வந்திட்டுது. நான் அவளைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான்.”

றிஸ்வானின் முகம் வெளிறிவிட்டது. எனக்குச் சுள்ளென்று ஏறியது.

“அண்ணை, முதல்ல கதிரையில இருங்கோ. சண்டை பிடிக்கிறதெண்டாலும் இருந்து பிடிப்பம்,” என்றேன்.

அவருடைய மகளை யாழினி என்று வைத்துக்கொள்வோம். முகாமைத்துவம் இறுதியாண்டு படிப்பவள். கொழும்பில் ஒரு கணக்காய்வு நிறுவனம் அவளைப் பயிற்சி வேலைக்கு எடுத்திருந்தது. மறுநாள் பின்னேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். தகப்பனோ, படிப்பு முடிந்ததும் ஊரிலேயே இருந்து அரசாங்க நியமனத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்று எப்போதோ சொல்லிவிட்டார். அவளுக்குப் போக ஆசை. வீட்டில் அதைப் பற்றி மூச்சும் விடவில்லை. அதைத்தான் றிஸ்வானோடு கிழமைக்குக் கிழமை கதைத்துக்கொண்டிருந்தாள். அன்று தகப்பனோடு போய்விட்டால் அந்த வேலையும் போய்விடும்.

இதை அவரிடம் சொல்லவும் முடியாது. பிள்ளை சொன்னதை அதன் அனுமதியில்லாமல் பெற்றாருக்குச் சொல்வதில்லை என்பது எங்கள் தொழிலின் முதல் கட்டளை.

“அவா என்ன கதைக்கிறா எண்டு நாங்கள் சொல்ல ஏலாது ஐயா,” என்றான் றிஸ்வான்.

“சொல்ல ஏலாத கதையெண்டால், அது என்ன கதை தம்பி?”

அட, நியாயமான கேள்விதானே! ஒரு பெண்பிள்ளையைப் பெற்றவர் வேறெப்படிக் கேட்பார்? மூடிய கதவு எங்களுக்கு மரியாதை, அவருக்கு அவமானம்.

றிஸ்வான் கதவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு என்னிடம், “மிஸ், கதவுதானே பிரச்சினை? கதவே இல்லாத இடத்தில இருந்து கதைச்சால் என்ன?” என்று கேட்டான். கையேட்டில் இல்லாத ஒன்று அவன் வாயிலிருந்து வந்தது அன்றைக்குத்தான்.

அதற்குள் யாரோ சொல்லி யாழினி ஓடி வந்துவிட்டாள். அழுகையை விழுங்கிக்கொண்டு நின்ற பிள்ளையிடம், வெளியே இருந்து கதைக்கச் சம்மதமா என்று றிஸ்வான் கேட்டான். அவள் தகப்பனைப் பார்க்காமலே பதில் சொன்னாள். “அப்பா பாக்கட்டும். கேக்கத்தான் கூடாது.”

கன்ரீனுக்கு முன்னால் இருந்த திறந்த வெட்டைக்கு இரண்டு கதிரைகளைத் தூக்கிக்கொண்டு போனான். அலகின் விறாந்தையில் எனக்கும் தகப்பனுக்கும் இரண்டு. கம்பஸ் முழுக்கப் பார்க்கலாம், ஒரு சொல்லும் கேட்காது. போகிற வருகிற பெடியள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

யாழினி முதலில் குனிந்தபடியே இருந்தாள். தகப்பன் கதிரையை மெல்ல முன்னுக்கு நகர்த்தினார். கொஞ்சம் பொறுத்து இன்னும் கொஞ்சம்.

“அண்ணை, உங்கட கதிரை நடக்குது,” என்றேன்.

“வெயில் ரீச்சர்,” என்றார். விறாந்தையில் ஏது வெயில்!

பிறகு அவள் தலையை நிமிர்த்தினாள். கையை ஆட்டி ஆட்டிக் கதைத்தாள். நடுவில் அழுதாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் கதைத்தாள். ஒருமுறை எதையோ சொல்லிச் சிரித்தாள். றிஸ்வான் வழக்கம்போலத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் கதிரை இழுபடும் சத்தம் நின்றிருந்தது. திரும்பிப் பார்த்தேன். கதிரையை நகர்த்துவதை மனிதர் எப்போதோ மறந்துவிட்டார்.

“ரீச்சர், இவள் இவ்வளவு கதைப்பாளோ?”

“ஏன், வீட்டில கதைக்க மாட்டாளோ?”

“‘ஓம் அப்பா’, ‘சரி அப்பா’. அவ்வளவுதான். அவளுக்குச் சொல்ல ஒண்டுமில்லையெண்டு நான் நினைச்சிருந்தன்.” கண்ணை மகளிடமிருந்து எடுக்கவேயில்லை. “அந்தத் தம்பி எழும்பின பிறகு, அந்தக் கதிரையில நான் கொஞ்சம் இருக்கலாமோ? அவளுக்குச் சம்மதமோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ.”

போய்க் கேட்டேன். அவள் விறாந்தைப் பக்கம் கனநேரம் பார்த்துவிட்டு, “ஓம், வரட்டும்,” என்றாள். அவள் சொல்லி முடிக்கும் முன்னே றிஸ்வான் எழும்பிவிட்டான்.

நாங்கள் இருவரும் விறாந்தையில் வந்து இருந்தோம். தகப்பனும் மகளும் கதைத்தார்கள். அவர் ஏதோ கத்தினார், அவளும் விடவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கதிரையைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்தேன்.

“மிஸ், கேக்கக் கூடாது,” என்றான் றிஸ்வான். படுபாவி!

போகும்போது அவர் எங்களிடம் வந்தார். “எனக்கு முழுமனம் இல்லை ரீச்சர். கொழும்பை நினைச்சால் பயமாக் கிடக்குது. எண்டாலும் அவள் போகட்டும்,” என்றார். யாழினி அன்று பின்னேரமே பதில் அனுப்பிவிட்டாள்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஒரு மாணவி உங்களிடம் மனம்விட்டுக் கதைத்தால் சந்தோஷப்படுங்கள், ஆனால் அதிலேயே மயங்கிவிடாதீர்கள். அந்தக் கதையைக் கேட்க வேண்டியவர் வேறு எங்கோ இருக்கிறார். அவர் வந்து, அவளும் “வரட்டும்” என்று சொன்னால், றிஸ்வானைப் போல உடனே எழும்பிக் கதிரையைக் கொடுத்துவிடுங்கள்.