யானை பார்த்து விமானம் எடுக்கிறவர்கள்

ஒஸ்லோவில் நான் வேலை செய்வது ஒரு பார்னஹாகேயில். தாய் தகப்பன் வேலைக்குப் போகும்போது சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற பள்ளிக்கூடம் அது. எங்களுக்கு மதியச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம்தான் தருவார்கள். அந்த அரை மணித்தியாலத்துக்குள் என்னோடு வேலை செய்யும் இங்கிரிட் தாய்லாந்துக்கு டிக்கட் எடுத்து முடித்துவிட்டாள். ஒரு கையில் பழுப்புச் சீஸ் வைத்த பாண் துண்டு, மறு கையில் தொலைபேசி. இரண்டு கடிக்கு நடுவில் விமானத்தைத் தெரிவு செய்தாள், அடுத்த கடியில் காசைக் கட்டினாள், பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு பனியில் விளையாடும் பிள்ளைகளைப் பார்க்க வெளியே போய்விட்டாள். தாயைக் கேட்கவில்லை, தமக்கையைக் கேட்கவில்லை, போன வருடம் தாய்லாந்துக்குப் போய்வந்த யாரையும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. எனக்கு வந்த பொறாமையைச் சொல்லி முடியாது. இந்த நாட்டுப் பனிக்கும் இருட்டுக்கும் எப்போதோ பழகிவிட்டேன். ஒரு மனுஷி தன்னுடைய பயணத்தைத் தானே தீர்மானிக்கலாம் என்பதற்கு மட்டும் இன்னும் பழகவில்லை.

எங்கள் ஆட்களுக்கு நீண்ட தூர விமானம் தெரிவு செய்வது கலியாணம் பேசுகிற மாதிரி. முதலில் கிலோ. எந்தக் கம்பனி பெட்டிக்கு எத்தனை கிலோ விடுகிறது என்று கேட்காமல் மற்றப் பேச்சு தொடங்காது. அடுத்தது ட்ரான்சிட், எந்த வளைகுடா விமான நிலையத்தில் படுக்க நல்ல கதிரை இருக்கிறது, எதில் குளிர் அதிகம் என்று ஒஸ்லோவில் உள்ள தமிழர் எல்லாருக்கும் ஒரு கருத்து இருக்கிறது. பிறகு சாப்பாடு. வெள்ளிக்கிழமை பறப்பதென்றால் சைவச் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அப்படிச் சொல்லிவைத்தவர்களுக்குத் தட்டு முதலில் வந்துவிடும். பக்கத்துக் கதிரைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கச் சாப்பிடுவதில் ஒரு சின்னப் பெருமையும் உண்டு. இங்கிரிட் போன்றவர்கள் முதலில் பார்க்கிற விஷயம், முழங்காலை நீட்ட இடம் இருக்கிறதா என்பது, எங்கள் பட்டியலிலேயே இல்லை. வாடகை வான் வண்டியின் கடைசி வரிசையில் அரிசி மூட்டைக்கு மேல் காலை வைத்துப் பயணம் செய்து வளர்ந்த முழங்கால்கள் எங்களுடையவை. எகானமி வகுப்பு அவற்றுக்குச் சொகுசு.

அம்மாவின் பங்கு நேரம் பார்ப்பது. தை மாதத்தில் ஒஸ்லோவில் சூரியன் எழும்பக் காலை ஒன்பது மணி ஆகும். அம்மாவோ திருகோணமலையில், உப்புவெளி வீட்டுச் சுவரில் தொங்குகிற கலண்டரைப் பார்த்து, இத்தனை மணிக்கு வெளிக்கிடாதே, அது ராகுகாலம் என்பார். அங்கத்தை ராகுகாலமா, இங்கத்தை ராகுகாலமா என்று ஒருமுறை கேட்டேன்.

"நீ எங்கட பிள்ளைதானே? எங்கட ராகுகாலம்தான் உனக்கும்" என்றார். நோர்வே கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இவ்வளவையும் தாண்டி வந்தாலும் கடைசி முடிவு யானையிடம்தான். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கித் திருகோணமலைக்குப் போக வானில் ஏறினால், ஹபரணை தொடங்கிக் கந்தளாய் வருமட்டும் இரண்டு பக்கமும் காடு. பொழுது சாய்ந்தால் யானைகள் றோட்டுக்கு வந்துவிடும். சில நின்று பார்த்துவிட்டுப் போகும். சில, வாகனத்துக்குள் வாழைப்பழம் இருக்கிறதா என்று சோதனை போடும். ஆகவே முற்பகலில் இறங்குகிற விமானம் உத்தமம். வெளிச்சம் இருக்கும்போதே காட்டைக் கடந்துவிடலாம். அந்தியில் இறங்குகிற விமானம் ஆகாது. அது எவ்வளவு மலிவாக இருந்தாலும், எத்தனை கிலோ தந்தாலும் ஆகாது.

இதை இங்கிரிட்டுக்கு விளங்கப்படுத்த முயன்றேன். நான் நாட்கணக்காக விமானம் தேடுவதைப் பார்த்துவிட்டு, தானே என் தொலைபேசியை வாங்கி ஒன்றைத் தெரிவு செய்து தந்தாள்.

"இதில் என்ன பிழை? மலிவு, நல்ல நேரம், படம் பார்க்கலாம்."

"இது சரிவராது. யானை வரும்."

அவள் பாண் துண்டைக் கீழே வைத்தாள். "விமானத்தில் யானையும் ஏற்றுவார்களா?"

றோட்டைப் பற்றிச் சொன்னேன். உடனே அவளுடைய முகம் தெளிந்தது. தங்கள் ஊர்ப் பக்கமும் எல்க் றோட்டுக்கு வரும், அது பெரிய மான், காரை வேகமாக ஓட்டவேண்டாம், மெதுவாகப் போனால் தானாக விலகும் என்று அக்கறையோடு புத்தி சொன்னாள். நான் தலையாட்டினேன். பிறகு, "உங்கள் ஊரில் விமான நிலையம் இல்லையா?" என்று கேட்டாள். இருக்கிறது, சீனன்குடாவில், எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம், ஆனால் அது விமானப் படையினுடையது என்றேன். அப்படியானால் ஏன் அவ்வளவு தூரம் சுற்றி வருகிறாய் என்று கேட்டாள். நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லி எழும்பிவிட்டேன்.

உண்மையில் அவளுக்கு விளங்காதது யானை இல்லை, வான். ஏன் ஒரு வான் வரவேண்டும்? அவள் பாங்கொக்கிலிருந்து திரும்பினால் ரயில் ஏறி வீட்டுக்குப் போவாள். நான் போய் இறங்கினால், என்னை ஏற்ற உப்புவெளியிலிருந்து ஒரு வான் நிறைய ஆட்கள் வந்து நிற்பார்கள். அப்பா, அம்மா, சின்ன மாமா, மாமி, மாமியின் தங்கச்சி, நீர்கொழும்பில் கருவாடு வாங்கவேண்டும் என்று தொற்றிக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்கா. கடற்கரையில் குடியிருந்துகொண்டு வேறு ஊருக்குக் கருவாடு வாங்கப் போகிற அந்த அக்காவை யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆட்கள் நிறைந்துவிடுவதால் பெட்டிகளுக்கு இடம் இருக்காது. அவை வானின் கூரையில் கயிற்றால் கட்டப்பட்டுப் பயணம் செய்யும். ஆலாய்ப் பறந்து தேடிக் கண்டுபிடித்த கிலோக்கள் அத்தனையும் தம்புள்ளைப் புழுதியில் குளித்துத்தான் வீடு வந்து சேரும்.

இந்தக் கூட்டத்துக்குத் தலைவர் அப்பா. துறைமுகத்தில், வருகிற கப்பல்களை உள்ளே இழுத்து வருகிற படகில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நான் வெளியே வருகிற வாசலில், கம்பியைப் பிடித்தபடி எல்லாருக்கும் முன்னால் நிற்பார். கட்டிப்பிடிக்க மாட்டார். தள்ளுவண்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் நடப்பார், அவ்வளவுதான். நான் எந்த வருடம் போனாலும் அந்தக் கம்பியில் அவருடைய இரண்டு கையும் இருந்தன. வேறு எதற்காக நான் ஊருக்குப் போகிறேன் என்று கேட்டால், நேர்மையாகச் சொல்ல எனக்கு வேறு காரணம் தெரியாது.

போன மழைக்காலத்தில் அப்பாவுக்கு இருதயக் குழாயில் அடைப்பு எடுத்தார்கள். இப்போது நன்றாக நடக்கிறார். ஆனால் அடுத்த கிளினிக்கில் பார்த்துச் சொல்லும்வரை நீண்ட தூரம் வாகனத்தில் போகவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் இந்த முறை நான் போவதே. கணவருக்கு லீவு கிடைக்கவில்லை, தனியாகத்தான். டிக்கட் தேடத் தொடங்கிய கிழமை அம்மா தொலைபேசி எடுத்தார். குசினியில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் குரலை அடக்கிப் பேசினார்.

"பிள்ளை, அந்தியில வாற பிளேனை எடு."

"என்னம்மா, யானை வருமெண்டு நீங்கள்தானே அதை வேண்டாமெண்டுறது?"

"யானை வந்தாத்தான் நல்லம். ராவில காட்டுக்குள்ளால போக மாமா விடமாட்டார். நாங்கள் ஒருத்தரும் வரேல்ல எண்டு அப்பாட்டைச் சொல்லுவன். வேற என்ன சொன்னாலும் அந்த மனுசன் கேளாது. நீ ராவைக்கு நீர்கொழும்பில தங்கி, விடிய ட்ரைவரோட தனிய வா."

அடுத்த நாள் அப்பா எடுத்தார். காற்று இரைந்தது, கடற்கரைப் பக்கம் நடக்கப் போன இடத்திலிருந்து பேசுகிறார் என்று விளங்கியது. அம்மாவுக்குத் தெரியாமல்.

"காலமை வாற பிளேன் இருக்குத்தானே? அதையே எடு. காசு கூடவெண்டாலும் பரவாயில்லை."

"டொக்டர் ஏலாதெண்டு சொன்னவரெல்லே அப்பா?"

"அவர் தூரப் பயணம் எண்டுதான் சொன்னவர். ஏர்போட் ஒரு தூரமே? வந்த கப்பலை வாசலில ஆளில்லாமல் விட்டு எனக்குப் பழக்கமில்லை, பிள்ளை."

அன்றிரவு கணினியில் இரண்டு விமானங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். கிலோ ஒன்றுதான், ட்ரான்சிட் ஒன்றுதான், விலையிலும் பெரிய வித்தியாசமில்லை. ஒன்றில் அப்பா வாசலில் நிற்பார். மற்றதில் நிற்கமாட்டார். அவர் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்ததோ, அந்த அளவுக்குப் பயமாகவும் இருந்தது. அம்மாவின் விமானத்தை எடுத்தேன். அப்பாவிடம், காலை விமானம் நிரம்பிவிட்டது என்று பொய் சொன்னேன். "ஓ, அப்பிடியே" என்றார்.

கட்டுநாயக்காவில் வெளியே வந்தபோது கம்பி முழுக்க மற்றவர்களுடைய அப்பாக்கள் நின்றார்கள். ட்ரைவர் ஒரு மட்டையில் என் பெயரைப் பிழையாக எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றார். பெட்டிகள் முதல்முறையாக வானுக்குள், ஆளுக்கொரு கதிரையில் பயணம் செய்தன. ஒரு தூசி படவில்லை. அடுத்த நாள் மத்தியானம் உப்புவெளியில் போய் இறங்கும்போது, அப்பா கேற்றடியில் நின்றார். மெலிந்திருந்தார். கோபத்தைக் காணவில்லை. தேத்தண்ணி வரமுன்னமே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் எதிரில் இருந்தார்.

"போற பிளேன் பின்னேரம்தானே?"

"பிள்ளை இன்னும் கால் முகம் கழுவேல்ல, அதுக்குள்ள போற கதையே?" என்று அம்மா குசினிக்குள் இருந்து சத்தம் போட்டார்.

"அந்தியில வாறது அந்தியிலதான் திரும்பும். ஆரும் பிளேனைச் சும்மா நிப்பாட்டி வைக்கமாட்டினம். விடிய வெளிக்கிட்டா, பகல் வெளிச்சத்தில போய்ச் சேரலாம். அதுக்கு முதல் எனக்குக் கிளினிக்கும் இருக்கு. இந்தமுறை நான் ஏத்திவிட வாறன்."

அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து திட்டம் போட்டது வருகிற விமானத்துக்கு மட்டும்தான். டிக்கட்டுக்கு இன்னொரு பாதி இருப்பதை மறந்தே போனோம்.

அப்பா என்னை ஏற்றிவிட வந்ததே கிடையாது. கூட்டிவர வருவார், திரும்பிப் போகிற நாளில் கேற்றடியில் கையைக் காட்டிவிட்டு உள்ளே போய் ரேடியோவைப் போட்டுக்கொண்டு இருந்துவிடுவார். மற்ற எல்லாரும் வானில் வருவார்கள். அந்த மனிதர் ஏன் இந்தமுறை வரவேண்டும் என்று நிற்கிறார் என்பதை நான் கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. கிளினிக்கில் டொக்டர், இடையில் இறங்கிக் கால் நீட்டிப் போகலாம், அன்றைக்கே திரும்பக்கூடாது, தங்கி அடுத்த நாள் வரவேண்டும் என்று சொன்னார். அப்பா வழியெல்லாம் வானை நிறுத்தச் சொல்லி இறங்கினார். புறப்படுகிற வாசலில் தள்ளுவண்டியை என்னிடம் தந்துவிட்டு, என் தலையில் கையை வைத்தார். இவ்வளவு வயதில் அது முதல் தடவை. உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தும் திரும்பிப் பார்த்தேன், அழுதேன்.

ஒஸ்லோவில் இறங்கும்போது விடிந்திருக்கவில்லை. அங்கே அது வெயில் ஏறிய நேரம். நீர்கொழும்பிலிருந்து வெளிக்கிட்ட வான் நடுவழியில் இருக்கும். அம்மா எடுக்கவில்லை. நான் எடுத்தால் சிக்னல் இல்லை. வெளியே ரயில் நின்றது. ஏறினால் வீட்டுக்குப் போய்க் குளித்துப் படுக்கலாம். ஏன் என்று தெரியாது, ஏற மனம் வரவில்லை. வருகிறவர்கள் வெளியேறும் வாசலுக்கு எதிரில் இருந்த கதிரையில் பெட்டிகளோடு இருந்துவிட்டேன். ஒரு ரயில் போயிற்று, பிறகு இன்னொன்று. மற்ற விமானங்களின் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். பூக்கொத்தோடு யாரோ ஒருவருக்காக நின்ற ஒரு பெடியன் என்னைப் பார்த்து, உங்கள் ஆளும் பிந்திவிட்டாரா என்று கேட்டான். ஓம் என்று தலையாட்டினேன். வெளியே மெல்ல வெளிச்சம் வந்தபோது தொலைபேசி அடித்தது.

"வந்து சேர்ந்திட்டம். ஒரு கரைச்சலும் இல்லை" என்றார் அப்பா. குரல் நன்றாக இருந்தது. "நீ வீட்டை போயிட்டியே?"

"இல்லையப்பா. ஏர்போட்டில, வாசலடியில நிக்கிறன்."

"இன்னும் அங்கையோ? ஆர் வருகினம்?"

"நீங்கள்தான்" என்றேன்.