தாத்தா சபாநாயகரான ஞாயிற்றுக்கிழமை

எங்கள் மாநிலச் சட்டமன்றத்துக்கு ஒரே அவைதான். நாடாளுமன்றத்தில் மக்களவை நிறைவேற்றுவதை மேலவை கொஞ்ச காலம் இழுத்தடிக்கலாம். மாநிலத்தில் அந்தச் சௌகரியம் யாருக்கும் இல்லை. பென்ஷன் வாங்கும்வரை சட்டமன்றச் செயலகத்திலேயே குப்பை கொட்டிய எனக்கு இதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் நான் வளர்ந்த வீட்டில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், அவைகள் இரண்டு இருந்தன. தாத்தாவும் அப்பாவும் ஹாலில் உட்கார்ந்து ஒன்றைத் தீர்மானிப்பார்கள். அது சமையலறைக்குப் போகும். அங்கே அம்மாவிடம் காலவரையின்றித் தங்கிவிடும்.

சட்டமன்றப் பேச்சு வீட்டுக்குள் வந்தது மாமாவால். மாமா அம்மாவின் தம்பி. சட்டமன்றத்தில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை, கிடைத்து எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். அவை கோலாலம்பூரில் கூடிய காலம் அது. தலைநகரை ஷா ஆலத்துக்குக் கொண்டுபோவது அப்போது வெறும் பேச்சாக இருந்தது. மாமாவுக்கு முன்பே தாத்தாவுக்கு அங்கே பழக்கம் உண்டு. ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றபின் கூட்டம் நடக்கும் நாட்களில் பார்வையாளர் மாடத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். ஊரில் காசு வாங்காமல் ஏர்கண்டிஷன் கொடுக்கிற இடம் அது ஒன்றுதான் என்பார். கண்ணை மூடிக்கொண்டு இருப்பார் என்று மாமா சொல்லிச் சிரிப்பார்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அத்தைக்கு வேலை கிடைத்தது. அத்தை என்றால் அப்பாவின் தங்கை, தாத்தாவின் கடைசிப் பெண். சுங்கைவேயில் புதிதாக வந்திருந்த எலெக்ட்ரானிக் தொழிற்சாலை ஒன்றில், பூதக்கண்ணாடியில் பார்த்து மயிர்போன்ற கம்பிகளை ஒட்டுகிற வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்கு முந்தைய ஞாயிறன்று தாத்தாவின் தம்பியான சின்னத் தாத்தா ஜெஞ்சாரோமிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தோடும் ஒரு மாப்பிள்ளையின் போட்டோவோடும் வந்து இறங்கினார். பையனுக்குச் சொந்த லோரி. அன்று சாயங்காலத்துக்குள் மாப்பிள்ளை வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

தாத்தாவுக்கு இது சங்கடம். பாட்டி செத்தபோது அத்தை தவழ்கிற குழந்தை. தூக்கிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூடம் சேரும் வயதுவரை வளர்த்துக் கொடுத்தது சின்னத் தாத்தாவின் குடும்பம். அந்தத் தம்பி வந்து ஒன்று கேட்டால் முடியாது என்று சொல்லத் தாத்தாவுக்கு வாய் வராது. அத்தை மூன்று நாளாகத் தொழிற்சாலைச் சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவும் அவருக்குத் தெரியும்.

நான் கல்யாணத்தின் பக்கம் இருந்தேன். கல்யாணம் என்றால் பட்டுப்பாவாடை. தொழிற்சாலையால் எனக்கு என்ன லாபம்?

சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணன் தம்பி பேச்சு சூடாகத் தொடங்கியபோது மாமா குறுக்கே விழுந்தார்.

"சண்டை எதுக்கு? முறைப்படி பேசுவோம் லா. தீர்மானம் கொண்டுவாங்க, விவாதிப்போம், ஓட்டு எடுப்போம். மாமாதான் சபாநாயகர். வேற யாருக்கு அந்தத் தகுதி?"

மாமா என்று அவர் சொன்னது தாத்தாவை. தாத்தாவின் முகம் மலர்ந்தது. சாய்வு நாற்காலியை நடுவில் இழுத்துப்போடச் சொன்னார். தோளில் துண்டைச் சபாநாயகர் அங்கிபோல் விரித்துவிட்டுக்கொண்டார். செங்கோலுக்குப் பதில் குடையை மேசைமேல் வைத்தார்கள். மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். சபாநாயகர் விவாதத்தில் பேசக்கூடாது, ஓட்டும் போடக்கூடாது. உயரத்தில் உட்காரவைத்தே தாத்தாவின் வாயை அடைத்தாயிற்று. மிச்சம் கணக்கு சுலபம்: மாமா, அம்மா, அத்தை ஒரு பக்கம், சின்னத் தாத்தாவும் அவரை எதிர்த்துப் பேசாத அப்பாவும் மறுபக்கம். மூன்றுக்கு இரண்டு.

"விருந்தாளி முதல்ல," என்றார் தாத்தா. "தம்பி, உன் தீர்மானத்தைச் சொல்லு."

"விருந்தாளிக்கு அவையில இடமில்ல மாமா, பார்வையாளர் மாடம்தான்," என்றார் மாமா.

"இவர் ஜெஞ்சாரோம் தொகுதி உறுப்பினர். உட்காருங்க."

சின்னத் தாத்தா தொண்டையைச் செருமிக்கொண்டார். "பொண்ணை நாளைக்கு வேலைக்கு அனுப்பக்கூடாது. இந்த இடத்தை முடிக்கணும். அவ்வளவுதான். ராத்திரி ஷிப்டாம்! இருட்டுல பஸ்ஸுல போய் இருட்டுல வர்றதா? நாளைக்கு யார் கட்டுவா?"

"பஸ்ஸுல லைட்டு இருக்கு சின்ன மாமா," என்றது சமையலறை.

"சமையலறை தன் முறை வரும்போது பேசலாம்," என்றார் தாத்தா.

அப்பா, சித்தப்பா சொல்வது நியாயம் என்று ஒரே வரியில் சொல்லி உட்கார்ந்தார். மாமா நாட்டின் தொழில் வளர்ச்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்து, தீர்மானத்தை ஒட்டிப் பேசும்படி இரண்டு முறை கண்டிக்கப்பட்டார். நான் பொறுக்கமாட்டாமல் "கல்யாணம்! கல்யாணம்!" என்று கத்தினேன். பார்வையாளர் மாடத்திலிருந்து சத்தம் வரக்கூடாதாம். வெளியேற்றப்பட்டேன். மீதியை வராந்தாவில் நின்று ஜன்னல் கண்ணாடிப் பலகைகளின் இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

அத்தை எழுந்து அப்பாவிடம், "அண்ணே, நான் கல்யாணமே வேணாம்னு சொல்லல..." என்று தொடங்கினாள்.

"நாற்காலியைப் பார்த்துப் பேசணும்," என்றார் தாத்தா.

அத்தை திரும்பினாள். அதுவரை எங்கள் வீட்டில் அவள் தாத்தாவின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசி நான் கண்டதில்லை. யாருக்கும் அதற்குத் தேவை ஏற்பட்டதில்லை. அப்பா வழியாகத்தான் எல்லாம் போகும்.

"சபாநாயகர் அவர்களே," என்றாள். "சித்தப்பா வீட்டுல நான் வளர்ந்தேன். அவங்க சொன்னா கேட்கத்தான் வேணும். ஆனா நான் இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்லை. இது ஒண்ணுதான் கேட்கறேன். நான் வேலைக்குப் போகணும்."

தாத்தா கண்ணை மூடிக்கொண்டார். சின்னத் தாத்தா ஜன்னல் பக்கம் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஓட்டெடுப்புக்கு மாமா பூஜை அறையிலிருந்த வெண்கல மணியை அடித்தார். அப்போதுதான் சின்னத் தாத்தா அந்தக் குண்டைப் போட்டார்.

"இவ விஷயத்துக்கு இவளே ஓட்டா? ஒரு மெம்பர் தன் நில விவகாரத்துக்குத் தானே கையைத் தூக்குவானா? சட்டமன்றத்துல விடுவானா?"

விடமாட்டார்கள் என்று மாமாவுக்குத் தெரியும். விடுவார்கள் என்று பொய் சொல்லத் தெரியாது. சொந்த நலன் உள்ள உறுப்பினர் பேசலாம், ஓட்டுப் போடக்கூடாது என்று தாத்தா தீர்ப்புச் சொன்னார். அத்தை உட்கார்ந்தாள்.

தீர்மானத்துக்கு ஆதரவாகச் சின்னத் தாத்தாவும் அப்பாவும் எழுந்தார்கள். எதிராக மாமா எழுந்தார். சமையலறை வாசலில் கரண்டியோடு அம்மா நின்றுகொண்டிருந்தாள். அப்பா அவளைப் பார்த்தார். அவள் கரண்டியைத் தூக்கினாள்.

இரண்டுக்கு இரண்டு.

சமமானால் சபாநாயகருக்கு ஓட்டு வந்துவிடும். மாமா கட்டிவைத்த கை அவிழ்ந்துகொண்டது. அந்தக் கை தம்பியின் பக்கம்தான் போகும் என்பதில் மாமாவுக்குச் சந்தேகமே இல்லை, முகம் வெளுத்துப்போயிருந்தது. சின்னத் தாத்தா இப்போதே ஜெயித்துவிட்டவர்போல் சிரித்தார்.

"போடு அண்ணே. உன் மனசுல என்ன இருக்கோ அதைப் போடு."

"மனசுல இருக்கிறதைப் போடறதுக்கு இந்த நாற்காலி இல்ல, தம்பி," என்றார் தாத்தா. குரல் பரிதாபமாக இருந்தது. "பொண்ணு நாளைக்கு வேலைக்குப் போறதா இருக்கு. அதை மாத்தணும்னு நீ தீர்மானம் கொண்டுவந்தே. அவையில பாதிப் பேர்தான் சரின்னாங்க. பாதிப் பேர் போதாது. இந்த மாதிரி நேரத்துல இருக்கிறதை இருக்கிறபடி விடற பக்கம்தான் சபாநாயகர் போடணும். என் கை கட்டியிருக்கு. தீர்மானம் தோத்துப்போச்சு."

குடையை மேசையிலிருந்து எடுத்துவிட்டார், அவை கலைந்தது. அத்தை சமையலறைக்குள் ஓடினாள். அங்கே பாத்திரம் ஒன்று விழுந்தது.

பிற்காலத்தில் எத்தனையோ சபாநாயகர்களுக்கு இந்த விளக்கத்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன். இருக்கிறதை இருக்கிறபடி விடுவது வழக்கம், மரியாதையான பழைய வழக்கம். விதி அல்ல. சம ஓட்டு வந்தால் சபாநாயகர் எந்தப் பக்கமும் போடலாம். எந்தக் கயிறும் அவர் கையைக் கட்டவில்லை. அன்று அந்த ஹாலில் இது தெரிந்திருக்கக்கூடியவர்கள் இரண்டே பேர். அதில் மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொருவர் நாற்காலியில் இருந்தார்.

சாயங்காலம் சின்னத் தாத்தாவைக் கிள்ளான் பஸ்ஸில் ஏற்றிவிடத் தாத்தாவோடு நானும் போனேன். பட்டுப்பாவாடை போன துக்கத்தில் நான் பின்னாலேயே காலை இழுத்து நடந்தேன். பஸ் வரும்வரை சின்னத் தாத்தா அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"நீ என்ன அண்ணே பண்ணுவே. சட்டம் அப்படி. லோரிக்காரன் வீட்டுல நான் சொல்லிக்கறேன். நீ மனசை விட்டுடாதே."

தாத்தா சாவு வீட்டில் நிற்பவர்போல் மெல்லத் தலையாட்டினார். பஸ் கிளம்பி, திருப்பத்தில் மறையும்வரை அப்படியே நின்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைத் தாண்டி, தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்ட செண்டோல் விற்கும் வண்டிக்காரரிடம் போய் மூன்று கிண்ணம் கேட்டார். எனக்கு ஒன்று, அவருக்கு இரண்டு.

தம்பி கேட்டு வந்ததைக் கொடுக்க முடியாமல் போன மனிதர் என்று அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. இரண்டாவது கிண்ணத்தையும் வழித்துக் குடித்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு, என் கிண்ணத்தில் மிச்சம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். துக்கம் வந்தால் பெரியவர்களுக்குப் பசி தாங்காது போலிருக்கிறது என்று நினைத்து, அதையும் அவரிடம் கொடுத்துவிட்டேன்.