சவரிமுத்து உள்ளேயா, வெளியேயா?

கத்தோலிக்கக் கோவில் சாமியாருக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரியும் என்று ஊரே நம்பும் வேலைக்குப் பெயர்தான் உபதேசியார் வேலை. ஜெபம் சொல்லிக்கொடுப்பதையும் நோயாளியைப் பார்ப்பதையும் சமாளித்துவிடலாம். டீக்கடையில் கிளாசைக் கையில் வாங்கும் நேரம் பார்த்து ஒருவர் கேள்வி கேட்பாரே, அதிலிருந்துதான் தப்ப முடியாது. கோவில் வேலை பார்த்து நொந்த சகோதரர்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையம் பக்கம் என்னை விடாமல் துரத்திய கேள்வி ஒன்று உண்டு. வேறு சபைக்குப் போன சேத்தூர் சவரிமுத்து இன்னும் நம் ஆளா, இல்லையா?

முங்கி எழுந்தவர்

சவரிமுத்து நூல்மில்லில் பிட்டர். தீராத வயிற்றுவலிக்காரர். யாரோ கூட்டிப்போன ஜெபவீட்டில் அந்த வலி நின்றது. அதோடு விட்டிருந்தால் வம்பில்லை. கைக்குழந்தைக்கு ஊற்றுகிற தண்ணீர் ஞானஸ்நானமே இல்லை என்று அங்கே சொன்னார்கள். இவர் தளவாய்புரத்தில் ஒரு பம்புசெட் கிணற்றில் முங்கி எழுந்தார். வீட்டிலிருந்த மாதா படத்தைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, இனிமேல் தான் கத்தோலிக்கன் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

பின்னாலேயே அவர் மனைவி லூர்தம்மாள் வந்தார். அவர்களுடைய ஒரே பெண் பிலோமினாள் பிறந்த அன்றே இறந்துபோனது. ஆஸ்பத்திரிக்குச் சாமியார் வந்துசேர நேரமில்லாததால், டம்ளரில் குழாய்த் தண்ணீர் பிடித்து நான்தான் அவசர ஞானஸ்நானம் கொடுத்தேன். இப்போது கல்லறைத் தோட்டத்தில் வேப்பமரத்தடியில் இருக்கிறாள். பக்கத்து இடம் தங்களுக்கு என்று புருஷனும் பெண்சாதியும் அன்றே பேசிக்கொண்டார்கள். லூர்தம்மாள் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "உபதேசியாரய்யா, இந்த மனுசன் செத்தா எம்பிள்ள பக்கத்துல வைப்பியளா, மாட்டியளா?"

பந்தியும் இலையும்

கோவில் கமிட்டிக்காரர்களைக் கேட்டால், அவனைத் தலைமுழுகியாயிற்று என்றார்கள். மனசு கேட்காமல் சாமியாரிடம் போனேன். விசுவாசத்தைத் தெரிந்தே மறுத்தால் அது பதிதம், சபை விலக்கு தானாக வந்து விழும் என்றார் அவர். பூசையில் நற்கருணை கிடையாது. மனம் திரும்பிய அடையாளம் எதுவும் காட்டாமல் செத்தால் கோவில் அடக்கமும் கிடையாது. எனக்கு லூர்தம்மாள் முகம்தான் கண்ணில் நின்றது.

ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. ஞானஸ்நானம் ஆத்துமத்தில் பதிகிற முத்திரை, அதைப் பாப்பரசராலும் அழிக்க முடியாது, விலக்கு என்பது மருந்தே தவிர கருமாதி இல்லை என்றார். அப்படியானால் ஆள் உள்ளேயா வெளியேயா சாமி என்று பிடித்துக்கொண்டேன். "கோவிச்சுக்கிட்டுப் போன பிள்ளைக்குப் பந்தியில இலை கிடையாது. அதுக்காகப் பிள்ளையே இல்லேன்னு ஆயிருமா?" என்றார் சாமியார்.

இதைச் சொன்னால் சவரிமுத்து சந்தோஷப்படுவார் என்று நம்பி, ஷிப்டு விடும் நேரத்தில் மில் வாசலுக்கே போய்ச் சொன்னேன். மனிதர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டுக் கத்தினார்: "ஏன் உபதேசியாரே, வெளிய போறதுக்குக்கூட ஒங்க சாமியார்ட்ட உத்தரவு வாங்கணுமா?"

டவுன்பஸ்ஸில் ஒரு சக்கரம்

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு, பேங்கு கிளார்க் ரெங்காச்சாரி. ஆண்டாள் கோவிலுக்குப் போகாமல் வேலைக்குக் கிளம்ப மாட்டார். என் முகம் வாடியிருப்பதைப் பார்த்துத் துருவினார், நானும் கொட்டிவிட்டேன். அழியாத முத்திரை என்றதும் மனிதருக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஓடுகிற பஸ்ஸில் சட்டைப் பட்டனைக் கழற்றி வலது தோளைத் திறந்து காட்டினார். பெருமாளுக்கு அடிமை என்பதற்கு அடையாளமாகச் சின்ன வயதில் ஆச்சாரியார் காய்ச்சி வைத்த சக்கரத்தின் தழும்பு மங்கலாகத் தெரிந்தது. முன் சீட்டுப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. "நாளைக்கே நான் பெருமாளே இல்லேன்னு பேசினா, வாய்தான் ஓய் மாறும். தோள் மாறுமா?"

சுண்ணாம்பு

கல்லறைத் திருநாளுக்கு முன்னால் புல் வெட்டக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். வேப்பமரத்தடியில் யாரோ குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பார்த்தால் நம் சவரிமுத்து. பக்கத்தில் சுண்ணாம்பு வாளி, கையில் மட்டை. மகள் கல்லறையில் ஒரு மூலைகூட விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். இறந்தவர்களுக்காக ஜெபிப்பது தப்பு என்பது அவர் போன இடத்துச் சட்டம். என்னைப் பார்த்ததும் திருடன் மாதிரி விழித்தார். நான் ஒன்றும் கேட்கவே இல்லை. அவராகவே சொன்னார்: "நான் ஜெபம் பண்ணல உபதேசியாரே, சுண்ணாம்புதான் அடிக்கேன்."

துண்டோடு வந்த நாள்

ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் ஒரு காலை, சவரிமுத்து தோளில் துண்டும் பையில் மாற்று வேட்டியுமாகக் கோவிலுக்கு வந்து நின்றார். பின்னால் லூர்தம்மாள். திரும்ப வருவதென்றால் மறுபடியும் முங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, கிணறு எங்கே என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஞானஸ்நானம் ஆயுசுக்கு ஒரு தடவைதான், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணினால் அவர் மேலே ஆயரிடம் உத்தரவு வாங்கி விலக்கை எடுத்துவிடுவார் என்றேன். அவர் நம்பவில்லை.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். ஜெபவீட்டில் பாடிக்கொண்டிருந்தபோது திடீரென்று பாட்டு வரவில்லையாம். குழந்தைக்கு ஊற்றுகிற தண்ணீர் செல்லாது என்றால், பிலோமினாளுக்கு ஊற்றியதும் செல்லாது அல்லவா? அங்கே யாரும் அப்படிச் சொல்லவில்லை, இவராக யோசித்ததுதான். யோசித்த நாள் முதல் சோறு இறங்கவில்லை. "நீங்க ஊத்தும்போது வார்த்தையெல்லாம் சரியாத்தான சொன்னிய?" என்று என் கையைப் பிடித்தார். சொன்னேன், தண்ணீர் நெற்றியில் வழிந்தது, பிள்ளை கண்ணைக்கூடச் சுருக்கியது என்றேன். லூர்தம்மாள் அப்போதுதான் அழுதார்.

நான் உள்ளே போய், பத்திரமாக வைத்திருந்த மாதா படத்தை எடுத்துவந்து லூர்தம்மாளிடம் கொடுத்தேன். சவரிமுத்து நனையாத துண்டை மடித்துப் பையில் வைத்தார். "எம்பிள்ளைக்கு ஊத்துன அரை டம்ளர் தண்ணி செல்லும்னா, எனக்கு ஊத்துனதும் செல்லத்தான வேணும்" என்று சொல்லிவிட்டு, சாமியார் அறையைப் பார்த்து நடந்தார்.

கோவிலைவிட்டுப் போகிறவன் வீராப்போடு போகிறான், வருகிறவன் துண்டோடு வருகிறான், நடுவில் நின்று இரண்டு பக்கமும் பதில் சொல்லி ஆறிப்போன டீயைக் குடிக்கிறவன்தான் உபதேசியார்.