அப்பாவின் காலர் டியூன்

எங்கள் அப்பாவுக்கு யார் போன் போட்டாலும் ஒரு காதல் பாட்டு கேட்கும். அது அப்பாவுக்கு மட்டும் தெரியாது. ஒருவருடைய காலர் டியூன் அவரைக் கூப்பிடுகிறவர்களுக்குத்தானே கேட்கும்? தன் நம்பரில் அம்பகரத்தூர் அம்மன் பாட்டு ஒலிப்பதாக அவர் நம்பிக்கொண்டிருந்தார். நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

தப்பு என்னுடையதுதான். கைக்குக் கை செல்போன் வந்து, ஆளாளுக்குப் பாட்டு வைத்துக்கொண்டு திரிந்த காலம் அது. நான் காரைக்காலில் கல்லூரி இரண்டாம் வருடம். அப்பா விசைப்படகில் போனால் திரும்பி வர நாலைந்து நாள் ஆகும். கிளம்புவதற்கு முதல்நாள் போனை என்னிடம் நீட்டினார்.

"அம்மன் பாட்டு ஒண்ணு வச்சுக் குடும்மா. யாவாரிங்க கூப்புட்டா நல்லதா காதுல விழட்டும்."

வைப்பதற்கு முன்னால், நெடுங்காட்டிலிருந்து வரும் என் சிநேகிதிக்கு அதே போனில் ஒரு கால் போட்டேன். அவள் எடுக்கவில்லை. அவள் வைத்திருந்த பாட்டு மட்டும் ஓடியது. பாட்டு பிடித்திருந்தால் நட்சத்திரக் குறியை அழுத்துங்கள், உங்கள் போனுக்கும் வந்துவிடும் என்று ஒரு பெண்குரல் சொல்லியது. யாருடைய போன் என்பதையே மறந்து அழுத்திவிட்டேன். அந்தப் பாட்டுக்கு இசையமைத்தவரின் வயலின்கள் அப்படி. யோசிக்க விட்டால்தானே?

"வச்சாச்சாம்மா?" என்று அப்பா வாசலிலிருந்து கேட்டார். "வச்சாச்சுப்பா" என்றேன். வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது.

நாலாம் நாள் மத்தியானம் அம்மா அவரைக் கூப்பிட்டாள். படகு நடுக்கடலில் இருக்கும்வரை 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றுதான் வரும். கரையை நெருங்கினால்தான் டவர் கிடைக்கும். அன்று ஐந்தாறு தடவை அந்த அறிவிப்பைக் கேட்டுவிட்டு மறுபடி போட்டவள், அப்படியே நின்றுவிட்டாள். ஒரு கையில் கரண்டி. குழம்பு கொதித்து வழிகிறது. நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினால், அவள் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள்.

"இங்க வந்து கேளு" என்று போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். இரண்டு தலையும் ஒட்டிக்கொண்டு கேட்டோம். முதலில் ஒரு புல்லாங்குழல். பிறகு வயலின்கள், தூரத்தில் காற்று கிளம்பி நம்மை நோக்கி வருகிற மாதிரி. அப்புறம் ஒரு பெண் வார்த்தையில்லாமல் முனகுவாள். பிறகு ஒரே ஒரு வரி பாடுவாள். அதற்கு ஆண்குரல் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் பாட்டு அறுந்து, மறுபடி புல்லாங்குழலுக்குப் போய்விடும். காலர் டியூனில் அவ்வளவுதான் வைத்திருந்தார்கள்.

"அந்தாளு பதில் சொல்றதுக்குள்ள புடுங்கிடுறானுவோ பாரு" என்று அம்மா சிரித்தாள்.

அந்தப் பாட்டு வந்த வருஷம்தான் அவளுக்குக் கல்யாணமாம். மைக்செட்காரர் காலையிலிருந்து அதையே திரும்பத் திரும்பப் போட்டாராம். தாலி கட்டி முடிந்து சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது நாயனக்காரரும் அதையே எடுத்தாராம். எங்கள் ஊரில் அந்த இசையமைப்பாளர் இல்லாமல் எது நடந்தது? அம்மன் ஊர்வலத்தில் பேண்டு செட் வாசிப்பது அவர் மெட்டு. அம்மனைப் பாடும் பெண்கள் வரியை மட்டும் மாற்றிக்கொண்டு பாடுவது அவர் மெட்டு. அலுத்துப்போய் வலை பின்னுகிறவர்கள் சீட்டியடிப்பதும் அதுவே. அந்த மனிதர் எங்கள் கடற்கரைப் பக்கம் வந்ததாகக்கூட எனக்குத் தெரியாது. ஆனால் நான் பிறப்பதற்கு முன்பே எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டார்.

அன்று அப்பா கரைக்கு வந்ததும் அம்மா ஒரு ஏற்பாடு செய்தாள். "ஏங்க, நீங்க டவருக்கு வந்துட்டீங்களான்னு பாக்கத்தான் போடுறன். எடுக்காதீங்க. மணி அடிச்சா வந்துட்டீங்கன்னு தெரிஞ்சுக்குவன்." அப்பா தலையாட்டினார். பாட்டுக்காகத்தான் இந்தத் தந்திரம் என்று எனக்கு மட்டும் தெரியும். மாற்றுகிற பேச்சையே நான் விட்டுவிட்டேன்.

அப்படி ஒரு வருஷம் போனது. இப்போது நினைத்தால் அந்த வருஷம் முழுவதுமே ஒரு நீண்ட மத்தியானமாக இருந்த மாதிரி தோன்றுகிறது. மீன் காயும் வாசனை, கண் கூசும் வெளிச்சம், சிமெண்டுத் தரையின் குளிர்ச்சி. அம்மா தரையில் படுத்துப் போனைக் காதில் வைத்திருப்பாள். பக்கத்தில் நான் பாதித் தூக்கத்தில் கிடப்பேன். அவள் காதிலிருந்து கசிகிற புல்லாங்குழல் சன்னமாக எனக்கும் கேட்கும். பாட்டு கேட்டால் அப்பா கரைக்கு வந்துகொண்டிருக்கிறார். எங்கள் இருவருக்கும் அந்தப் பாட்டின் பொருள் அதுதான். கண்ணை மூடினால் வயலின்களுக்குள்ளே எங்கள் படகு அசைந்து அசைந்து வருவதைப் பார்ப்பேன். உண்மையாகவே பார்ப்பேன்.

ஒரே ஒரு உறுத்தல் இருந்தது. சில நாள் டவர் கிடைத்த உடனேயே பாட்டு வராது. 'நீங்கள் அழைக்கும் நபர் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார்' என்று வரும். அம்மாவின் முகம் சுருங்கிவிடும்.

"கரை தெரியறதுக்குள்ள யாருகிட்ட அப்படி என்னா பேச்சு?"

"யாவாரியா இருக்கும்மா."

"வூட்டுக்கு அப்புறந்தான் யாவாரி" என்பாள். பத்து நிமிஷம் கழித்துப் போட்டால் பாட்டு வந்துவிடும். அவள் கோபமும் அதோடு போகும். ஆனால் அப்பாவிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டுவிட்டு வேண்டாத பதில் வந்தால் என்ன செய்வது என்று பயந்தாளோ என்னவோ.

ஊருக்கே தெரிந்தது எத்தனை நாள் ஒருவருக்குத் தெரியாமல் இருக்கும்? மீன் ஏலம் நடக்கிற இடத்தில், நாலு பேர் நடுவில் ஒரு வியாபாரி கிண்டலடித்துவிட்டார். "அண்ணே, நான் கூப்புட்டா சட்டுன்னு எடுத்துடாதீங்க. பாட்டு ரொம்ப ஜோரா இருக்கு. புது மாப்புள கெட்டாரு போங்க!" கூட்டம் சிரித்திருக்கிறது. அப்பா முகம் சிவக்க வீட்டுக்கு வந்தார்.

"அம்மன் பாட்டுன்னுதானம்மா சொன்ன? நாளைக்கே அத எடுத்துடு. இந்த வயசுல எனக்கு இது தேவையா?"

நான் தலை குனிந்து நின்றேன். அம்மா சோறு போட்டாள், மீன் வைத்தாள், தண்ணீர் வைத்தாள், எல்லாமே கொஞ்சம் சத்தமாக. எனக்கு அழுகை வந்தது. அவளுக்கென்று அந்த வீட்டில் வேறு என்ன இருந்தது? மறுநாள் விடியற்காலை அப்பா கடலுக்குக் கிளம்புவதற்கு முன் என்னிடம் வந்து, "இந்தத் தடவ மட்டும் இருந்துட்டுப் போவட்டும். வந்தப்புறம் எடுத்துடு" என்றாள். சின்னப் பிள்ளை கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

நாலாம் நாள் காற்று திரும்பிவிட்டது. கடல் சாம்பல் நிறமாகி, கரையில் கட்டியிருந்த படகுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. மற்ற படகுகள் ஒவ்வொன்றாக வந்துவிட்டன. எங்களுடையது வரவில்லை. ஐந்தாம் நாளும் வரவில்லை. அம்மா போட்டுக்கொண்டே இருந்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே, வெளியே, வெளியே. அந்தப் பெண்குரலை என் வாழ்க்கையில் அவ்வளவு வெறுத்ததில்லை. "அந்தப் பாட்ட ஒரே ஒரு தரம் கேக்க வச்சுடு தாயே, அப்பறம் நான் கேக்கவே மாட்டன்" என்று அம்மா அம்பகரத்தூர்த் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

ஆறாம் நாள் மத்தியானம் அறிவிப்பு மாறியது. 'வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார்.'

அம்மா தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே, "இப்பயும் யாருகிட்டடீ பேசறாரு?" என்று கேட்டாள். நான் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் மறுபடி போட்டுக் கொடுத்தேன். புல்லாங்குழல் வந்தது.

சாயங்காலம் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். எஞ்சின் பழுதாகி ஒன்றரை நாள் அலையில் மிதந்திருக்கிறார்கள். அப்பா குளிக்கப் போனார். படகு ஓட்டுகிற சித்தப்பா, அப்பாவின் தம்பி, டீ குடித்துக்கொண்டிருந்தார். அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"தம்பி, டவர் கெடச்ச ஒடனே ஒங்க அண்ணன் யாருகிட்ட பேசுனாரு?"

சித்தப்பா சிரித்துவிட்டார். "யாருகிட்டயும் இல்ல அண்ணி. எம் போன வாங்கி அண்ணன் அது நம்பருக்கே போடும். அது போனு மடியில கெடந்து அடிக்கும். எம் போன காதுல வச்சிக்கிட்டு அந்தப் பாட்டக் கேட்டுக்கிட்டு ஒக்காந்துருக்கும். பாட்டு வந்தாத்தான் கர வருதுன்னு எங்களுக்கே கணக்கு. ஒரு வருசமா இப்படித்தான். ஒங்களுக்குத் தெரியாதா?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்பாவுக்குத் துண்டு எடுத்துக்கொண்டு போனாள். ஏலத்தில் சிவந்த அந்த முகம், நாலு பேருக்காகச் சிவந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அந்தப் பாட்ட எடுத்தாச்சாம்மா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். "எடுத்துட்டன்ப்பா" என்றேன்.

"சரி" என்றார்.

எஞ்சின் சரியாகி அடுத்த தடவை போனார்கள். நாலாம் நாள் மத்தியானம், அம்மா தரையில் படுத்தபடி நம்பரைப் போட்டாள். வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்று வந்தது. மறுபடி போட்டுத் தரட்டுமா என்று கை நீட்டினேன். அவள் போனை நெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"இரு, அவரு கேட்டு முடிக்கட்டும்" என்றாள்.