ஓவனுக்கு ஒருநாள் லீவு

திருவண்ணாமலைக் கல்லூரி ஒன்றில் நான் வேதியியல் ஆசிரியராக இருந்த கடைசி வருடம் அது. மின்சாரத்தைச் சேமிக்கும் தகட்டில் பூசுவதற்காக, மாங்கனீசு ஆக்சைடை ஊசி போன்ற நுண்துகள்களாக வளர்க்க முயன்றுகொண்டிருந்தேன். ஏழு முறையும் ஊசிகள் பருத்துப்போனதால் தகட்டில் மின்சாரம் தங்கவில்லை. எட்டாவதும் தவறினால் ஆய்வையே மூடிவிடச் சொல்லியிருந்தார்கள் கல்லூரி நிர்வாகத்தினர்.

கரைசலை எஃகுக் குடுவையில் அடைத்து ஓவனில் பன்னிரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். விடியற்காலையிலேயே வைத்துவிட்டேன். அன்று ஆயுத பூஜை என்பது நினைவில் இல்லை. மத்தியானம் வந்து பார்த்தால், ஓவன் கதவில் சந்தனமும் குங்குமமும் இருந்தன, சூடு ஆறிக்கொண்டிருந்தது.

"யாரு இதை ஆஃப் பண்ணது?" என்று கத்தினேன்.

"நான்தான் சார்," என்றார் இயற்பியல் ஆசிரியை, பொரித் தட்டோடு. "பூஜை போட்டா மிஷின் ஓடக்கூடாதுங்க. ஒருநாள் அதுக்கும் லீவு குடுங்களேன்."

"ஆறு மணி நேரம் கம்மியாயிடுச்சும்மா!"

"உங்களுக்கு எதுதான் ஜாஸ்தியா இருந்திருக்கு? பொரி சாப்பிடுங்க சார்."

மறுநாள் எரிச்சலோடுதான் குடுவையைத் திறந்தேன். கழுவி உலர்த்திய தூள், மூச்சு பட்டாலே பறந்தது. தகட்டில் பூசிச் சோதித்தபோது, ஏற்றிய மின்சாரம் சட்டென்று வடியாமல் நின்றது. மிச்ச ஆறு மணி நேரம்தான் இத்தனை நாளும் ஊசிகளைப் பருக்க வைத்திருக்கிறது!

ஒன்பதாவது முறை, ஆறு மணி நேரம் ஆனதும் நானே ஓவனை அணைத்தேன். அதிலும் மின்சாரம் தங்கியது. ஆய்வை மூடச் சொன்னவர்கள் வந்து பார்த்துவிட்டு, பத்தாவதற்கான ரசாயனம் வாங்க அங்கேயே கையெழுத்துப் போட்டார்கள்.