துணுக்காயில் ஒரு நோர்வேக் கொலைக்கதை

நோர்வேயில் ஈஸ்டர் விடுமுறை நெருங்கினால் பால் பெட்டியில் கொலைக்கதை அச்சடித்து வரும். இதைச் சொன்னால் ஊரில் ஒருவரும் நம்புவதில்லை. காலையில் தேநீருக்குப் பால் ஊற்றப் பெட்டியைத் திருப்பினால், அதன் முதுகில் ஒரு பிணம் கிடக்கும். பக்கத்தில் நான்கு பேர் திருட்டு முழியோடு நிற்பார்கள். இயேசுவைச் சிலுவையில் அறைந்த நாட்களில் இந்தச் சனம் மலைக் குடில்களுக்குப் போய், தோடம்பழத்தை உரித்துக்கொண்டு, யார் யாரைக் கொன்றார்கள் என்று வாசிக்கிறது. அதற்குப் 'போஸ்கெக்ரிம்' என்று ஒரு பெயரே இருக்கிறது. ஈஸ்டர்க் குற்றம். வருடம் முழுவதும் கதவைப் பூட்டாமல் கடைக்குப் போய் வருகிறவர்களுக்கு ஒரு வாரமாவது பயந்து பார்க்க ஆசை வரும்போலும். வன்னியில் வளர்ந்த எனக்கு அப்படியொரு ஆசை இன்றுவரை வந்ததில்லை.

தூரிட் என்னோடு முதியோர் இல்லத்துச் சமையலறையில் பதினாறு வருடமாக உருளைக்கிழங்கு அவிக்கிறவர். போன வருடம் நான் ஊருக்குப் புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது, விமானத்தில் வாசிக்கச் சொல்லி ஒரு தடித்த நாவலைத் தந்தார். "நிறைய ஸ்பென்னிங் இருக்கிறது," என்றார். அந்தச் சொல்லை நான் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் மின்சாரப் பெட்டியில்தான் பார்த்திருக்கிறேன்: உயர் ஸ்பென்னிங், உயிராபத்து. ஆகவே, இது மின்சாரம் திருத்துகிறவரின் கதையா என்று கேட்டேன். இல்லை, பொலிஸ்காரரின் கதை என்றார். கதையில் வரும் பரபரப்புக்கும் கம்பியில் ஓடும் அழுத்தத்துக்கும் இவர்களிடம் ஒரே சொல்தான் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. "சரி, யார் கொன்றது?" என்று கேட்டேன். தூரிட் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார், நான் ஏதோ அவருக்குச் சொல்லப்போவதுபோல. "அதைச் சொன்னால் பிறகு எதற்கு வாசிக்கிறாய்?" என்றார். "கெட்டவன் யார் என்று தெரிந்தால்தானே யாருக்காகக் கவலைப்படுவது என்று தெரியும்?" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, என் வசனத்தில் ஒரு இலக்கணப் பிழையைத் திருத்தினார்.

நான் கதை வாசிக்கப் பழகிய விதம் அப்படி. வன்னியில், எங்கள் துணுக்காயில், என் பெரியம்மாவின் மகள் வசந்தக்காவும் நானும் வாசித்ததெல்லாம் இந்தியாவிலிருந்து வந்த மாத நாவல்கள். இருபது வீடு ஏறி இறங்கி எங்களிடம் வரும்போது அவற்றுக்கு அட்டை இருக்காது, கடைசிப் பத்துப் பன்னிரண்டு இலையும் இருக்காது. கதாநாயகி ரயிலடியில் கண்ணீரோடு திரும்பிப் பார்த்தாள் என்பதோடு புத்தகம் முடிந்துவிடும். வசந்தக்கா அசைய மாட்டார். பாயில் மல்லாந்து கிடந்தபடி மிச்சத்தைத் தானே சொல்லி முடிப்பார். பெரும்பாலும் வில்லனைக் கதாநாயகியின் பொல்லாத மாமிக்குக் கட்டிவைத்துவிடுவார். இருவருக்கும் அதைவிடப் பெரிய தண்டனை இல்லை என்பது அவருடைய கொள்கை.

கொள்கைகள் அவரிடம் நிறைய இருந்தன. "பணக்காரன் எண்டால் ஏன் எப்பவும் படியால இறங்கி வாறான்? படியில்லாத வீட்டில காசு நிக்காதோ?" என்று கேட்பார். கதாநாயகனின் கார், கதாநாயகியின் வீட்டு வாசலைத் தவிர வேறெங்கும் பழுதாவதில்லை என்பதையும், மழை காதலுக்கு மட்டும் பெய்கிறதே தவிர வயலுக்கு ஒருநாளும் பெய்ததில்லை என்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். எல்லாவற்றையும்விட அவருக்குப் பிடிக்காதது, தலையில் அடிபட்டு ஞாபகம் மறந்துபோகிற கதை. "எழுத வழியில்லாதவன் செய்யிற வேலை," என்பார். இவ்வளவு திட்டியும் ஒரு புத்தகத்தையும் பாதியில் வைத்ததில்லை. கழன்ற இலைகளை ஊசி நூலால் தைத்துத்தான் அடுத்த வீட்டுக்கு அனுப்புவார்.

இப்போது அவர் தைப்பது பள்ளிக்கூடச் சட்டையும் பிளவுசும். வீட்டு முன் அறையில் இரண்டு மெசின், ஒரு மேசை, நாலு கதிரை. கிழமைக்கு இரண்டு தரம் றஹீமா துணிக் கட்டோடு வருவார். முல்லைத்தீவைச் சேர்ந்தவர். சிறுமியாக இருந்தபோது குடும்பத்தோடு இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, பிறகு திரும்பி வந்து துணி வியாபாரம் செய்கிறவர். இருவரும் சிநேகிதமான கதை வேடிக்கையானது. வசந்தக்கா துணுக்காயில் வாசித்த அதே நாவல்களை றஹீமா புத்தளத்தில் வாசித்திருக்கிறார். ஆனால் அவருக்குக் கிடைத்த புத்தகங்களில் கடைசி இலைகள் இருந்தன. அவர் உண்மையான முடிவுகளை ஒவ்வொன்றாகச் சொல்ல, வசந்தக்கா கேட்டுவிட்டு, "என்ரை முடிவுதான் நல்லம்," என்றாராம். றஹீமாவும் கொஞ்ச நாளில் ஒப்புக்கொண்டுவிட்டார்.

நான் போய் இறங்கிய மூன்றாம் நாள் என் பையில் கிடந்த நாவலை வசந்தக்கா கண்டுவிட்டார். "என்ன கதை? சொல்லன்," என்றார். விமானத்தில் பாதிதான் வாசித்திருந்தேன். இருந்தாலும் சொல்லத் தொடங்கினேன்.

"வடக்குப் பக்கம் ஒரு சின்னக் கடற்கரை ஊர். அங்க ஒரு பொலிஸ்காரர். தனியத்தான் இருக்கிறார். மனுசி விட்டிட்டுப் போயிட்டா. விடிய விடியக் கோப்பி குடிச்சுக்கொண்டு கடலைப் பாத்துக்கொண்டு நிக்கிறவர். ரண்டு பக்கமா அதுதான் வருது."

"சமைக்கிறேல்லையோ?" என்று கேட்டார் றஹீமா.

"பாணும் சீஸும்தான்."

"பிறகென்ன, மனுசி போவாதானே," என்றார் வசந்தக்கா, ஊசியில் நூலைக் கோத்தபடி.

"மகள் போன் எடுப்பாள். இவர் பதில் சொல்லமாட்டார். வேலை கூடிப் போச்சாம்."

"என்ன வேலை? இப்பதானே ரண்டு பக்கமாக் கடலைப் பாத்துக்கொண்டு நிண்டவர் எண்டு சொன்னனி? அந்த நேரம் பிள்ளையோட கதைச்சிருக்கலாமே?"

நோர்வேயில் நான் பார்த்த பலரும் அப்படித்தான் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், ஏன் என்று நானும் கேட்டதில்லை.

"அந்த ஊரில எத்தினை பேர்?" என்று விசாரித்தார் றஹீமா.

"நானூறு பேர் வரும்."

"நானூறு பேருக்குள்ள ஆர் செய்ததெண்டு தெரியாதாமோ! எங்கட பக்கத்தில ஆரின்ரை கோழி ஆரின்ரை சட்டிக்குள்ள போனதெண்டு மத்தியானத்துக்கு முதல் தெரிஞ்சிடும்."

"சரி, நீ சொல்லு," என்றார் வசந்தக்கா. "ஒண்டு மட்டும் இப்பவே சொல்லிப்போட்டன். ஞாபகம் மறந்தவன் ஆரும் வந்தால் நான் எழும்பிப் போயிடுவன்."

இரண்டு நாள் இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாகப் போயிற்று. கிழமைக்கு இரண்டு தரம் வருகிற றஹீமா, கதைக்காக நாள்தோறும் வரத் தொடங்கினார். நாவலை எழுதியவர் அந்த அறையில் இருந்திருந்தால் வேறு தொழில் பார்க்கப் போயிருப்பார். மூன்றாம் நாள், நான் வாசித்து நிறுத்தியிருந்த இடத்துக்குக் கதை வந்தது. பொலிஸ் நிலையத்துக்கு ஒரு பெண் வருகிறாள். பதினொரு வருடத்துக்கு முன்னால் காணாமற்போன தம்பியின் படத்தை மேசையில் வைக்கிறாள். ஒவ்வொரு வருடமும் அதே நாளில் வருகிறவள். இந்த வசனத்தைச் சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. மெசின் நின்றுவிட்டது.

நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய ஒன்று இது. வசந்தக்காவுக்கு ரவி என்று ஒரு தம்பி. போரின் கடைசிச் சண்டைக் காலத்தில் சனத்தோடு சனமாக நடந்துபோனவனைப் பிறகு ஒருவரும் காணவில்லை. வசந்தக்காவும் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அலுவலகமாக ஏறியவர்தான். எத்தனை மேசைகள் என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

றஹீமா துணியை மடிப்பதுபோலக் குனிந்துகொண்டார். வசந்தக்கா, "பிறகு?" என்றார். மிச்சத்தை இன்னும் வாசிக்கவில்லை என்று சொல்லித் தப்பினேன்.

மறுநாள் காலை அவர் நூல் வாங்க மல்லாவிக்குப் போன நேரம், பின்வாசலில் கதிரையைப் போட்டு ஒரே மூச்சில் முடிவுவரை வாசித்தேன். தம்பி உயிரோடு இல்லை. கடற்கரையில் படகு நிறுத்தும் கொட்டிலின் பலகைக்குக் கீழே அவனுடைய எலும்புகள் கிடந்தன. இடுப்புப் பட்டியை வைத்து அக்கா அடையாளம் காட்டுகிறாள். புத்தகத்தை மூடும்போதே தீர்மானித்துவிட்டேன், இதைச் சொல்லப்போவதில்லை என்று.

அன்று பின்னேரம் நான் சொன்ன கதையில் தம்பி உயிரோடு இருந்தான். வேறு நாட்டில், வேறு பெயரில். ஒருநாள் கப்பலில் வந்து இறங்கினான். அக்கா கடற்கரையில் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாள். முற்றும்.

றஹீமா விடவில்லை. "பதினொரு வருசமா ஒரு கடிதம் போடேல்லையோ? ஒரு போன்?"

"அது வந்து... கப்பலால விழுந்து..."

"விழுந்து?"

"தலையில அடி."

"ஆ. ஞாபகம் மறந்திட்டுதாக்கும்," என்றார் றஹீமா.

நான் வசந்தக்காவைப் பார்த்தேன். அவர் எழும்பிப் போகவில்லை. ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. குனிந்த தலை நிமிராமல் சட்டைக் கையை மூட்டித் தைத்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் புறப்பட இரண்டு நாள் இருக்கையில் வசந்தக்கா என்னைக் கூப்பிட்டு முன்னால் இருத்தினார். நாவல் மேசையில் கடைசிப் பக்கங்கள் தெரியத் திறந்து கிடந்தது. பக்கத்தில் அவருடைய கைபேசி. படம் பிடித்தால் எந்த மொழியையும் தமிழாக்கித் தரும் வித்தை அதற்குள் இருப்பதை நான் மறந்துபோயிருந்தேன். "எலும்புகள் படகு வீட்டின் கீழே தங்களைக் கண்டுகொண்டன," என்று வாசித்துக் காட்டினார். "தமிழ் படு மோசம். ஆனால் விளங்குது."

"அக்கா, நான்..."

"நாங்கள் உன்னட்ட ஆறுதல் கேட்டனாங்களோ? கதைதானே கேட்டனாங்கள்." குரல் உயரவில்லை, ஆனால் கோபம் இருந்தது. "மாத்திச் சொன்னது பிழையில்லை. நான் மாத்தாததோ? ஆனால் நாங்கள் இலை இல்லாத புத்தகத்துக்குத்தான் முடிவு கட்டினனாங்கள். இதில இலை இருக்கு. இருக்கிறதை வாசி."

றஹீமா வந்து சேரும்வரை பொறுத்திருந்துவிட்டு, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. எலும்பு, இடுப்புப் பட்டி, பாடசாலை அதிபர்தான் கொலைகாரர் என்பது, எல்லாமே. அதிபரை றஹீமா முதல் நாளே சந்தேகப்பட்டவர். ஆனாலும் அன்றைக்கு அதைச் சொல்லிக்காட்டவில்லை. கடைசிப் பக்கத்தில் பொலிஸ்காரர் அக்காவை வீட்டில் கொண்டுபோய் விடுகிறார். அவள் உள்ளே போகிறாள். அழவில்லை. வாளியில் சுடுதண்ணீர் நிரப்பி, சன்னல் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகக் கழுவத் தொடங்குகிறாள். நாவல் அதோடு முடிகிறது.

"இதை எழுதினது பொம்பிளையோ?" என்று கேட்டார் வசந்தக்கா.

"ஓம்."

"அதுதானே பாத்தன். சரியா எழுதியிருக்கிறா. அப்பிடி ஒரு நாளில வீட்டுக்கு வந்து ஏதாவது ஒரு வேலை செய்யத்தான் வேணும்." அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "அந்தப் பொலிஸ்காரனை மட்டும் இன்னும் கொஞ்சம் திருத்தியிருக்கலாம்."

றஹீமா எழுந்து குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். மூன்று பேரும் குடித்தோம். மெசின் மறுபடி ஓடத் தொடங்கியது. எல்லாம் முடிந்ததென்று நான் நினைத்த நேரத்தில் வசந்தக்கா சொன்னார்:

"உன்ரை முடிவிலயும் ஒரு பெரிய பிழை இருக்கு, மலர்."

"ஞாபகம் மறந்ததுதானே?"

"அதை விடு. பதினொரு வருசம் கழிச்சு வந்தவனைக் கட்டிப்பிடிச்சதோட கதையை முடிச்சிட்டாய். எந்த அக்காக்காரி அப்பிடி விடுவாள்? 'சாப்பிட்டியோ' எண்டு கேட்கேல்லையே. ஒரு வாய் சோறு குடுக்கேல்லையே. பொய் சொல்லுறதெண்டாலும் வயித்தை யோசிச்சுச் சொல்ல வேணும்."

றஹீமா சிரித்தார். வசந்தக்காவும் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை, பிறகு முடிந்தது.

புத்தகத்தை வசந்தக்கா திருப்பித் தரவில்லை. வாசிக்கத் தெரியாத மொழியில் அது துணுக்காயில் என்ன செய்கிறது என்று தெரியாது. தூரிட்டுக்கு இங்கே வேறொரு பிரதி வாங்கிக் கொடுத்தேன். முடிவு எப்படி இருந்தது என்று கேட்டார். "நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் கதையில் யாருமே யாருக்கும் சாப்பாடு கொடுக்கவில்லை என்று என் அக்கா சொல்கிறார்," என்றேன். தூரிட் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்திவிட்டு உண்மையாகவே யோசித்தார். "ஒன்பதாம் அத்தியாயத்தில் வாஃபில் சாப்பிடுகிறார்களே," என்றார். அதை அப்படியே வசந்தக்காவுக்கு அறிவித்தேன். "அது சாப்பாடில்லை, பலகாரம்," என்று தீர்ப்பு வந்தது.

இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் இங்கே நண்பகலில் நான் தொலைபேசி எடுக்கிறேன். அங்கே பின்னேரம், தேத்தண்ணி நேரம். அடுத்த நாவல் ஓடுகிறது. இதிலும் ஒரு பொலிஸ்காரர், இவருக்கும் மனைவி இல்லை. புத்தகத்தை மடியில் வைத்துக் கண்ணால் நோர்வேஜிய மொழியில் வாசித்து, வாயால் தமிழில் சொல்கிறேன். போன கிழமை, பொலிஸ்காரர் விடியப்புறம் பனிக்குள் இறங்கி நடந்தார் என்றேன். "இஞ்சையும் இந்தத் தையில சரியான பனி," என்றார் வசந்தக்கா. அவருடைய பனி, வயலின் மேல் வெள்ளையாகத் தொங்கி, வெயில் ஏறக் கரைந்து போவது. என் சன்னலுக்கு வெளியே கிடப்பது முழங்கால் உயரத்துக்குக் கட்டியாக, சித்திரைவரை அசையாதது. இரண்டுக்கும் என்னிடம் ஒரே சொல்தான் இருக்கிறது. திருத்திச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. பொலிஸ்காரர் அந்தப் பனிக்குள் தொடர்ந்து நடந்துகொண்டிருந்தார், எந்தப் பனி என்று எனக்கே தெரியாமல்.